பியூஸ் கட்டையின் பூர்வீகம்

கரண்ட் போனதும் பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். எரிந்தால், மெயின் போர்டிலிருக்கும் வெள்ளைப் பீங்கான் கட்டையைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். உருகிய கம்பியை எடுத்துவிட்டுக் கையில் கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றுவதும் நடக்கும். மின்வாரியம் எத்தனை முறை எச்சரித்தாலும்! அந்தக் கட்டைகளைச் செய்து அனுப்பிய ஊர்களில் ஒன்று விருத்தாசலம்.

பழமலைநாதர் கோயிலுக்குப் பேர்போன ஊருக்குப் பீங்கான் பேர் வாங்கித் தந்ததில் நெய்வேலிக்குப் பங்குண்டு. அங்கே 1957-இல் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டத் தொடங்கினார்கள். நிலக்கரிக்கு மேலிருந்த மண்ணோடு வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. அதைப் பயன்படுத்தப் பீங்கான் தொழிற்பேட்டையும், அந்தத் தொழிலைச் சொல்லித்தரும் அரசுப் பயிலகமும் விருத்தாசலத்தில் அமைந்தன. பியூஸ் கட்டை, இன்சுலேட்டர், பொம்மை, அகல்விளக்கு என்று பட்டறைகள் பெருகின.

இந்தப் பட்டறைகளை வாழவைத்தவை காலாவதியான காப்புரிமைகள்தாம்.

களிமண் மட்டும் பீங்கான் ஆகாது. குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் மாவாக அரைபட்டுச் சேர வேண்டும். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவார்ட்ஸ் வகையான சிக்கிமுக்கிக் கல்லைச் சுட்டு உலர்வாகவே பொடித்தார்கள். பறந்த தூசு நுரையீரலில் படிந்து ஆட்களைக் கொன்றது. 1726-இல் தாமஸ் பென்சன், தண்ணீரோடு சேர்த்து அரைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அவருடைய இயந்திரத்தில் இருந்தது இரும்பு; அதன் துகள் கலந்து வெள்ளைப் பாண்டத்தில் கறை விழுந்தது. 1732-இல் இரும்புக்குப் பதில் கல்லைப் போட்டு இரண்டாவது காப்புரிமை எடுத்தார். இன்று பந்து ஆலையில் (பால் மில்) தண்ணீர் விட்டு அரைப்பவர் யாரும் பென்சனுக்குக் காசு தர வேண்டியதில்லை.

களிமண்ணுக்கே உரிமை கொண்டாடியவர்களும் உண்டு. பிளிமத் நகர மருந்துக்கடைக்காரர் வில்லியம் குக்வொர்த்தி, கார்ன்வால் மண்ணிலிருந்து பீங்கான் செய்யும் முறைக்கு 1768-இல் காப்புரிமை பெற்றார். அது அவருடைய தொழில் கூட்டாளி ரிச்சர்ட் சாம்பியன் கைக்குப் போனது. 1775-இல் சாம்பியன் அதை நீட்டிக்கச் சொல்லி நாடாளுமன்றத்துக்குப் போக, பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் எதிர்த்து மல்லுக்கு நின்றார். நீட்டிப்பு கிடைத்தது. ஆனாலும் ஒளி ஊடுருவாத பாண்டங்களுக்கு அந்த மண்ணை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. இத்தனைக்கும் வெட்ஜ்வுட்டே 1769-இல் ஒரு காப்புரிமை வாங்கியவர்தான்.

   

பியூஸுக்கு எடிசன் 1890-இல் காப்புரிமை பெற்றார். விருத்தாசலத்தில் சூளை எரியத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே அது பொதுச்சொத்து. மின்சாரம் கிராமங்களுக்குப் பரவப் பரவ, கம்பியைத் தாங்கவும் சூட்டைப் பொறுக்கவும் பீங்கான் தேவைப்பட்டது. ராயல்டி இல்லை, அனுமதி இல்லை. அச்சும் களிமண்ணும் சூளையும் இருந்தால் போதும்.

அதே வழியில்தான் அடியும் வந்தது. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹ்யூகோ ஸ்டாட்ஸ் நிறுவனம் 1924-இல் சிறிய சர்க்யூட் பிரேக்கருக்குக் காப்புரிமை வாங்கியது. அதுவும் காலாவதியாகி, பலரும் செய்யும் மலிவுச் சரக்காகி, எம்சிபி என்ற பெயரில் நம் சுவருக்கு வந்துசேர்ந்தது. அதில் கம்பி கட்ட வேண்டாம், விசையைத் தட்டினால் போதும். உடலோ பிளாஸ்டிக். புது வீடுகளின் மெயின் போர்டில் பீங்கானுக்கு வேலை குறைந்துவிட்டது.

மிஞ்சியிருப்பதில் பொம்மையும் விளக்கும் உண்டு. அங்கே சிக்கல் வேறு: ஒருவர் செய்த பொம்மையின் மேல் இன்னொருவர் பிளாஸ்டர் ஊற்றினால் அச்சு தயார். உருவத்தைக் காக்க 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்தால் 10 ஆண்டு, கேட்டால் மேலும் 5. ஆனால் பதிவுக்கு முன்பே சந்தைக்குப் போய்விட்ட உருவத்தை அந்தச் சட்டம் ஏற்காது.