சக்கர நட்டு இறுக்கத்தின் வரலாறு

சக்கர நட்டு என்பது மோட்டார் வாகனத்தின் சக்கரத்தை அதன் குடத்தோடு (ஹப்) சேர்த்துப் பிடிக்கும் திருகு உறுப்பு ஆகும். பெரும்பாலான கார்களிலும் வேன்களிலும் ஒரு சக்கரத்துக்கு நான்கு முதல் ஆறு நட்டுகள் இருக்கும். சில வாகனங்களில் நட்டுக்குப் பதிலாக போல்ட் பயன்படுகிறது. நட்டு தளர்ந்தால் சக்கரம் கழன்று ஓடும். அளவுக்கு மீறி இறுகினால் அதைத் தாங்கும் ஸ்டட் முறியும். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான இறுக்கம் எது என்பதை மனிதர்கள் மெல்ல மெல்லத்தான் கற்றார்கள். கையின் உணர்வை நம்பிய காலம், அளவுக்கருவியை நம்பிய காலம், அந்தக் கருவி காட்டும் எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு என்று அறிந்த காலம் என மூன்று படிகளாக இந்த வரலாற்றைப் பார்க்கலாம்.

கடையாணியிலிருந்து நட்டுக்கு

மாட்டு வண்டியின் சக்கரம் அச்சிலிருந்து நழுவாமல் காத்தது கடையாணி. அதை இறுக்க வேண்டியதில்லை. விழாமல் இருந்தால் போதும். தொடக்கக் கால மோட்டார் வாகனங்களிலும் சக்கரத்தைச் சாலையில் கழற்றி மாட்டும் வழக்கம் இல்லை. டயர் பஞ்சரானால், சக்கரம் வண்டியில் இருந்தபடியே டயரைப் பிரித்து ஒட்டினார்கள்.

இந்தத் தொல்லைக்கு 1904இல் வேல்சு நாட்டின் லனெல்லி நகரில் ஒரு தீர்வு பிறந்தது. ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரை வைத்து, பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் கவ்விப் பொருத்தும் அமைப்பு அது. அதை உருவாக்கிய டேவிசு சகோதரர்களின் பட்டறை ஸ்டெப்னி தெருவில் இருந்ததால் அது ஸ்டெப்னி சக்கரம் எனப் பெயர் பெற்றது. மாற்றுச் சக்கரத்தை நாம் இன்றும் ‘ஸ்டெப்னி’ என்று அழைப்பது அந்தத் தெருவின் பெயரால்தான். பின்னர் முழுச் சக்கரத்தையும் கழற்றி மாட்டும் முறை பரவியது. அன்று முதல், மெக்கானிக் மட்டுமல்லாமல் சாலையோரத்தில் நிற்கும் எந்த ஓட்டுநரும் நட்டை இறுக்க வேண்டியவர் ஆனார்.

ஒரே அளவு மரை

இறுக்கத்துக்கு ஓர் எண்ணைச் சொல்ல வேண்டுமானால், முதலில் மரை ஒரே சீராக இருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது. 1841இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 55 பாகைக் கோணம் கொண்ட பொது மரை அளவை முன்மொழிந்தார். அமெரிக்காவின் வில்லியம் செல்லர்சு 1864இல் 60 பாகைக் கோணத்தை முன்வைத்தார். இரண்டாம் உலகப் போரில் ஒரு நாட்டின் போல்ட் இன்னொரு நாட்டின் நட்டில் பொருந்தாமல் தொல்லை தந்தது. அதன் பின், 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்றும் 60 பாகை கொண்ட பொது மரைக்கு உடன்பட்டன.

கைக்கணக்கும் அளவுக்கருவியும்

நெடுங்காலம் வீல் ஸ்பேனரின் நீளமும் இறுக்குபவரின் எடையுமே இறுக்கத்தைத் தீர்மானித்தன. இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 30 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 60 கிலோ எடையுள்ளவர் ஏறி நின்றால், நட்டின் மீது ஏறத்தாழ 177 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை விழும். அதே ஸ்பேனரில் பைப்பைச் சொருகி ஒரு மீட்டர் நீளமாக்கினால், அது 589 நியூட்டன் மீட்டராகிவிடும். ஆள் அவரேதான், நட்டும் அதுவேதான். விசை மட்டும் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது.

இந்தச் சீரின்மையை முதலில் எதிர்த்தவர்களில் ஒருவர் நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் பணியாற்றிய கான்ராட் பார். குழாய் இணைப்புகளின் போல்ட்டுகள் ஆளுக்கொரு விதமாக இறுக்கப்பட்டிருப்பதைக் கண்டு, 1918இல் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை உருவாக்கியதாக அவர் கூறினார். 1930களில் டார்க் ரெஞ்ச் எனப்படும் திருப்பு விசைக் கருவிக்கு அமெரிக்காவில் பல காப்புரிமைகள் கோரப்பட்டன. குறித்த அளவை எட்டியதும் ஒலி எழுப்பும் வகைக்கு, கான்ராட் பாரும் ஜார்ஜ் பெபர்லேயும் உரிமை பெற்றனர். வளையும் தண்டும் முள்ளும் கொண்ட எளிய வகை, கிரைஸ்லர் நிறுவனத்தின் தொடர்பில் வளர்ந்தது. வாகனக் கையேடுகளில் நட்டுக்கு நேராக ஓர் எண் அச்சாகும் வழக்கம் இதற்குப் பின்னரே வேரூன்றியது.

அந்த எண் எதைக் குறிக்கிறது?

நட்டை இறுக்கும்போது ஸ்டட் நூலளவு நீள்கிறது. நீட்டப்பட்ட எஃகு, மீண்டும் சுருங்க முயல்கிறது. பள்ளியில் படிக்கும் ஹூக் விதி இதுவே. அந்தச் சுருங்கும் முயற்சிதான் சக்கரத்தைக் குடத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்டட்டின் பக்கவாட்டு வலிமை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், சரியாக இறுக்கப்பட்ட சக்கரத்தில் அந்தச் சுமையைத் தாங்குவது குடத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள உராய்வு ஆகும்.

எனவே நமக்கு வேண்டியது ஸ்டட்டின் இழுவிசை. கருவி அளப்பதோ திருப்பு விசை. நாம் செலுத்தும் விசையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே ஸ்டட்டை நீட்டுகிறது. மற்றவை நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வாகக் கழிகின்றன. ஆகவே உராய்வு சிறிது மாறினாலும் இழுவிசை பெரிதும் மாறும்.

ஓர் எடுத்துக்காட்டு: 1979இல் அறிமுகமான வோக்ஸ்வேகன் டி3 வேனில் சக்கரத்துக்கு ஐந்து நட்டுகள் உண்டு. ஸ்டட்டின் விட்டம் 14 மி.மீ.; இறுக்க வேண்டிய அளவு 180 நியூட்டன் மீட்டர். உலர்ந்த, சுத்தமான மரையில் இது ஒவ்வொரு ஸ்டட்டிலும் ஏறத்தாழ 6.5 டன் இழுவிசையைத் தரும். ஐந்தும் சேர்ந்தால் 32 டன். அந்தச் சக்கரம் சுமக்கும் எடை ஒரு டன் கூட இராது. மரையில் எண்ணெய் பூசிவிட்டு அதே 180க்கு இறுக்கினால், இழுவிசை 8.5 டன்னைத் தாண்டிவிடும். துருப்பிடித்த மரையில் 4.5 டன்னைக்கூட எட்டாமல் போகலாம். கருவி மூன்று முறையும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

இடமரையும் ஜங்கரின் ஆய்வும்

வண்டி முன்னோக்கி ஓடும்போது, இடப்பக்கச் சக்கரம் வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கடிகார எதிர்த்திசையில் சுழலும். வழக்கமான வலமரை நட்டு கழல்வதும் அதே திசையில்தான். இதனால் நட்டு தானே கழலும் என்று அஞ்சிய சில நிறுவனங்கள், இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை வைத்தன. அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1970 வாக்கில்தான் இதைக் கைவிட்டது. இது தெரியாமல், கழற்றுவதாக நினைத்து இறுக்கியே ஸ்டட்டை முறித்தவர்கள் பலர்.

நட்டு ஏன் தளர்கிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் தெளிவாக்கியவர் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் ஜங்கர். 1969இல் வெளியான அவரது ஆய்வு, நட்டைக் கழற்றுவதில் முதன்மையானது மேலும் கீழுமான அதிர்வு அன்று, இணைந்த பரப்புகளின் பக்கவாட்டு நழுவலே என்று காட்டியது. நழுவல் இல்லாதபடி அழுத்திப் பிடித்தால் நட்டு தளராது. அதாவது, மரையின் திசையைவிடப் போதிய இழுவிசையே முக்கியமான காவல்.

ஒன்ராறியோ தந்த பாடம்

1990களின் நடுவில் கனடாவின் ஒன்ராறியோ மாகாண நெடுஞ்சாலைகளில், லாரிகளிலிருந்து கழன்ற சக்கரங்கள் எதிரே வந்த கார்களைத் தாக்கி உயிர்களைப் பறித்தன. லாரிச் சக்கரம் நெடுஞ்சாலை வேகத்தில் கழன்றால் நடுத்தடுப்பையும் தாண்டிக் குதிக்கும். 1997இல் அம்மாகாணம் கடுமையான சட்டம் இயற்றியது. லாரி, பேருந்து போன்ற வணிக வாகனத்தின் சக்கரம் கழன்றாலே குற்றம். கவனமாகத்தான் இருந்தேன் என்ற வாதம் செல்லாது. அபராதம் 50,000 டாலர் வரை. நட்டின் இறுக்கம் மெக்கானிக்கின் கைப்பழக்கம் என்ற நிலை மாறி, நிறுவனத்தின் சட்டப் பொறுப்பாயிற்று. இன்று பல நாடுகளின் லாரி நட்டுகளில் காணப்படும் மஞ்சள் அம்புக்குறிகள், நட்டு நகர்ந்திருந்தால் பார்த்தவுடன் காட்டிக்கொடுக்கும்.

பழைய வேனும் பழைய கையேடும்

பழைய வேனை இன்று பராமரிப்பவருக்கு இந்த வரலாறு நேரடியாகப் பயன்படும். முதலாவது அலகு. மேற்கு ஜெர்மனியில் 1977 இறுதி வரை விசையைக் கிலோபாண்டில் குறிக்கச் சட்டம் இடமளித்தது. அமெரிக்கக் கையேடுகளில் அடி-பவுண்டு இருக்கும். 180 நியூட்டன் மீட்டர் என்பது 133 அடி-பவுண்டு, அல்லது 18.4 கிலோபாண்ட் மீட்டர். 180ஐ அடி-பவுண்டு என்று படித்துவிட்டால், 36 விழுக்காடு கூடுதலாக இறுகிவிடும்.

இரண்டாவது மரையின் நிலை. கையேட்டின் எண் பெரும்பாலும் புதிய, சுத்தமான மரைக்கு உரியது. கம்பித் தூரிகையால் துருவையும், குடத்தின் முகப்பில் படிந்த அழுக்கையும் பெயின்டையும் நீக்கிய பிறகே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. நட்டின் அடிப்பகுதி கூம்பாகவோ உருண்டையாகவோ இருக்கும். சக்கரத்தின் குழியும் அதற்கு ஒத்திருக்க வேண்டும்.

மூன்றாவது வரிசை. ஐந்து நட்டுகளையும் ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திர வடிவில், இரண்டு சுற்றுகளாக இறுக்க வேண்டும். முழு விசையைச் சக்கரம் தரையில் நின்ற பிறகே செலுத்த வேண்டும். சிறிது தூரம் ஓடியதும் பரப்புகள் அமுங்கி இழுவிசை குறையும் என்பதால், 50 முதல் 80 கி.மீ.க்குள் மீண்டும் சோதிப்பது நல்லது.

நல்ல டார்க் ரெஞ்ச் 4 விழுக்காட்டுப் பிழைக்குள் அளக்கும். ஆனால் அதைக் கொண்டு இறுக்கிய ஸ்டட்டுகளின் இழுவிசை 25 முதல் 30 விழுக்காடு வரை கூடவோ குறையவோ இருக்கலாம். அந்த இடைவெளியைக் குறைப்பது கருவியின் விலையன்று. துரு நீக்கிய மரையும், பொருந்திய நட்டும், இரண்டாம் முறை குனிந்து பார்க்கும் பொறுமையுமே அதைக் குறைக்கும்.