வாடிகனின் வாட்ச்லிஸ்ட்

போன எபிசோடைக் கேட்டுட்டு ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவங்க சர்ச் யூத் குரூப்ல புத்தகம், படம்னு ஒருத்தருக்கொருத்தர் பரிந்துரை பண்ணிக்கிறாங்களாம். ஒவ்வொரு தடவையும் "இதையெல்லாம் ஒரு கிறிஸ்தவர் பார்க்கலாமா?"ன்னு சண்டையாம். இதுக்குப் பின்னாடி வரலாறு ஏதாவது இருக்கான்னு கேட்டார். நானூறு வருஷத்துக்கு மேல இருக்கு. இன்னைக்கு கத்தோலிக்கத் திருச்சபை பக்கம் மட்டும் பார்ப்போம்.

1995இல், சினிமாவின் நூற்றாண்டை ஒட்டி, வாடிகன் 45 படங்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. சமயம், விழுமியம், கலை என்று மூன்று பிரிவு. பிரிவுக்கு 15 படம். 'பென்-ஹர்' இருக்கும்னு யாரும் ஊகிக்கலாம். ஆனால் சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' இருக்கிறது, 'காந்தி' இருக்கிறது, குப்ரிக்கின் '2001' இருக்கிறது. ரத்தக்காட்டேரிப் படமான 'நொஸ்ஃபெராட்டு'கூட இருக்கிறது. நம்ம வீட்டுப் பெரியவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' இல்லை!

இப்படி ஒரு வாட்ச்லிஸ்ட் போட்ட அதே வாடிகன்தான் பல நூற்றாண்டுகள் இன்னொரு பட்டியலை வைத்திருந்தது. 1559இல் போப் நான்காம் பவுல் வெளியிட்ட தடை செய்யப்பட்ட நூல்களின் அட்டவணை. கலிலியோ அதில் இருந்தார். விக்டர் ஹியூகோவின் 'லே மிசராப்ள'வும் 1864இல் அதில் ஏறியது, 1959இல்தான் இறங்கியது. இதுல நமக்கு ஒரு தொடர்பு இருக்கு. அந்த நாவல்தான் 1950இல் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் படமாக வந்தது. அதில் ஜாவர் வேடத்தில் நடித்த சீதாராமனுக்கு 'ஜாவர் சீதாராமன்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டுத் தியேட்டர்ல ஜனங்க அழுது பார்த்த கதை, ரோமில் அப்போ தடைப் பட்டியல்ல இருந்தது.

சினிமா வந்ததும் புத்தகத்துக்குப் போட்ட பூட்டை அதுக்கும் போடணும்னு சிலர் நினைத்தார்கள். அமெரிக்காவில் 1930களில் ஆயர்கள் 'லீஜியன் ஆஃப் டீசன்ஸி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கிரேடு உண்டு: ஏ என்றால் பார்க்கலாம், பி என்றால் சில பகுதிகள் ஆட்சேபத்துக்குரியவை, சி என்றால் முழுக்கக் கண்டனம். கோயிலில் மக்கள் எழுந்து நின்று, கெட்ட படம் பார்க்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். 1934இல் ஃபிலடெல்ஃபியா கார்டினல் ஒரு படி மேலே போய், எந்த சினிமா தியேட்டருக்கும் போகாதீங்கன்னே சொல்லிவிட்டார்.

ஸ்டூடியோக்கள் பயந்தன. சி கிரேடு வந்தால் வசூல் போச்சு. அதனால் ரிலீசுக்கு முன்னாடியே வெட்டினார்கள். எலியா கசானின் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' 1951இல் அப்படி வெட்டுப்பட்டுத்தான் வந்தது; வெட்டிய காட்சிகளோடு அது திரும்ப வந்தது 1993இல். கத்தோலிக்கர்களுக்கு வழிகாட்டணும்னு ஆரம்பிச்சது, கத்தோலிக்கர் அல்லாத உலகம் எதைப் பார்க்கணும்ங்கிறதையும் முடிவு பண்ண ஆரம்பிச்சது. எனக்கு உறுத்துறது இந்த இடம்தான். உங்க குரூப்புக்கு நீங்க விதி வச்சுக்கலாம், அது உங்க இஷ்டம். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிற படத்துல ஏன் கத்தரி?

இதற்கான பெரிய சண்டை ரொஸ்ஸெல்லினியின் நாற்பது நிமிடக் குறும்படம் ஒன்றை வைத்து வந்தது. பெயர் 'தி மிராக்கிள்'. ஆடு மேய்க்கும் ஒரு ஏழைப் பெண், வழிப்போக்கன் ஒருவனைப் புனித சூசையப்பர் என்று நம்புகிறாள். கர்ப்பமாகிறாள். வயிற்றில் இருப்பது கடவுள் கொடுத்தது என்கிறாள்; ஊரே அவளைக் கேலி செய்து விரட்டுகிறது. கதை ஃபெல்லினியுடையது, அந்த வழிப்போக்கனாக நடித்ததும் அவர்தான். 1950 டிசம்பரில் நியூயார்க்கில் திரையிட்டதும் கார்டினல் ஸ்பெல்மன் கடுமையாகக் கண்டித்தார். தியேட்டர் வாசலில் மறியல். மதத்தை அவமதிக்கிறது என்று சொல்லி மாநில அரசு உரிமத்தை ரத்து செய்தது.

விநியோகஸ்தர் ஜோசப் பர்ஸ்டின், போலந்தில் பிறந்து அமெரிக்கா வந்தவர், விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சினிமா வெறும் வியாபாரம், அதுக்குப் பேச்சுரிமை கிடையாது என்று 1915இல் சொன்ன அதே நீதிமன்றம், 1952இல் ஒருமனதாக மாற்றிச் சொன்னது: சினிமாவும் கருத்துதான், மத அவமதிப்பு என்ற காரணத்துக்காக அரசு அதைத் தடுக்க முடியாது.

அசராத ஸ்பெல்மன் 1956இல் கசானின் 'பேபி டால்' படத்தைப் பிரசங்க மேடையில் ஏறியே கண்டித்தார். படத்தை அவர் பார்த்திருக்கவில்லை. (பார்க்காமலே ரிவ்யூ போடும் பழக்கத்தை இன்ஸ்டாகிராம் கண்டுபிடிக்கலைங்க.)

இப்போ அந்த 45ஐ மறுபடி எடுங்க. ரொஸ்ஸெல்லினிக்கு இரண்டு படம். ஃபெல்லினிக்கு இரண்டு. கசானின் 'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்' இருக்கிறது. பசோலினியின் 'மத்தேயு நற்செய்தி'யும் இருக்கிறது. பசோலினி நாத்திகர், மார்க்சியர். அதற்கு முந்தைய குறும்படத்துக்காக 1963இல் மதத்தை அவமதித்ததாகத் தண்டனை பெற்றவர். போப் இருபத்துமூன்றாம் யோவான் அசிசிக்கு வந்த அன்று ஊரில் எங்கும் நகர முடியாத கூட்டம். அறையில் அடைந்து கிடந்த பசோலினி, அங்கே கிடந்த நற்செய்தியை எடுத்துப் படித்ததில் பிறந்த படம் அது. 1964இல் வெளியிட்டபோது அந்த போப்பின் நினைவுக்கே சமர்ப்பித்தார்.

என் ஆபீஸ் பாஷையில், முதலில் இருந்தது பிளாக்லிஸ்ட். அது ஓடுறதுக்கு யூசர் யோசிக்கவே வேண்டாம். பரிந்துரை அப்படி இல்ல. பார்த்துட்டு, "எனக்கு ஒட்டல"ன்னு நீங்க திரும்பச் சொல்ல இடம் இருக்கு. நானும் சொல்றேன்: 45 படத்துல சத்யஜித் ராய் படம் ஒண்ணுகூட இல்லைங்கிறது அநியாயம்.

நூல் தடை அட்டவணை 1966இல்தான் முடிவுக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னால், 1964, 65இல், அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகரில் ஒரு இளம் இயேசு சபை ஆசிரியர் இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தார். பாடத்தில் இருந்தது 'எல் சித்' என்ற பழைய காவியம். பசங்களுக்குப் பிடிக்கல, லோர்கா வேணும்னாங்க. சரி, 'எல் சித்'தை வீட்டுல படிங்க, வகுப்புல உங்களுக்குப் பிடிச்ச எழுத்தாளர்களைப் பேசுவோம் என்று ஆசிரியர் விட்டுக்கொடுத்தார். கடவுள் இருக்கிறாரா என்று உறுதியாகச் சொல்லாத போர்ஹெஸையே வகுப்புக்கு வரவழைத்தார். பசங்க எழுதிய கதைகள் புத்தகமாக வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியதும் போர்ஹெஸ்தான்.

அந்த ஆசிரியர் பெயர் பெர்கோலியோ. பின்னாளில் போப் பிரான்சிஸ். 2024 ஜூலையில், குருமாணவர்கள் நாவலும் கவிதையும் படிக்கணும் என்று ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதில் இந்த லோர்கா கதையையும் சொல்லியிருக்கிறார்.