மகிழ்மதிக்கு டைமர் போட்ட கதை

2017 ஏப்ரல். ஜியோ வந்து ஏழெட்டு மாசம்தான் ஆகியிருந்தது. பொன்னேரி ஸ்டேஷனில் சென்ட்ரல் போகிற லோக்கலுக்காக நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் போனுக்குள் இருந்தோம். நான் 'பாகுபலி: தி கேம்' இறக்கியிருந்தேன்.

கட்டப்பா பாகுபலியைக் கொன்றதைச் சொல்லி, காரணம் சொல்லாமல் 2015 ஜூலையில் முடிந்த படம். ரெண்டு வருஷம் அந்த ஒரே கேள்விதான். இரண்டாம் பாகம் ஏப்ரல் 28 அன்று வந்தது, அதையொட்டித்தான் கேமும். செய்தது பெங்களூருவின் மூன்ஃப்ராக் லேப்ஸ், அதற்கு முன் 'தீன் பத்தி கோல்ட்' என்ற சீட்டாட்ட ஆப்பால் பெயர் எடுத்தவர்கள்.

உள்ளே போனால் கட்டடம் கட்டு, படை திரட்டு, காலகேயர்களைத் தடு. எல்லாவற்றுக்கும் டைமர். பின்லாந்தின் சூப்பர்செல் 2012இல் கொண்டுவந்த 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' எலும்புக்கூட்டுக்கு மகிழ்மதி பெயின்ட். கோடு எழுதிப் பிழைப்பவனாக அவர்களைப் புரிகிறது: ரிலீஸ் தேதி நகராது, ஏற்கெனவே ஓடிய அமைப்புதான் பாதுகாப்பு. கேம் இலவசம், பொறுமை இல்லாதவர்களின் காசில்தான் வருமானம். ஆனால் தினமும் லோக்கலுக்குக் காத்திருக்கிறவன் பொறுமைக்கா பஞ்சம்?

நான் ஆடிய வரைக்கும் கட்டப்பா சண்டை போட்டார். அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு பட்டன்கூட இல்லை. பக்கத்தில் எட்டிப் பார்த்த நண்பன், "டேய், இதுல ராஜமாதா என்னடா பண்றாங்க?" என்றான்.

"தெரியலடா, இன்னும் நாலு மணி நேரம் ஆகுமாம்."