மதுரைப் பாலர் நாடக சபைகளும் சிறார் இசைப்பயிற்சியும்

தமிழ் நாடக வரலாறு எழுதப் புகுந்தோர் பாலர் நாடக சபைகளைப் புகழ்பெற்ற நடிகர் பலரின் தோற்றுவாயாகக் கண்டனர். இசை வரலாறு எழுதினோரோ அவற்றைக் கண்டிலர் என்றே கூறல் வேண்டும். அவ்வரங்குகளிற் பாடப்பெற்றவை ‘நாடக மெட்டு’ என்று இழித்துரைக்கப்பட்டமையே அதற்குக் காரணமாகும். ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நகரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இசைக்குடியிற் பிறவாத ஏழைச் சிறுவன் ஒருவன் முறையாகப் பாடக் கற்க விரும்பின், அவனுக்குத் திறந்திருந்த வாயில் பெரும்பாலும் இச் சபைகளே என்பது நம் கருத்து. அக் கருத்தினை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஏனைய வாயில்கள் எத்தகையன? கோயில் நாகசுரமும் தவிலும் குடிவழிக் கலைகள். ஓதுவார் மரபும் பெரிதும் அவ்வாறே. மதுரை மணி ஐயர் (1912–1968) புகழ்மிக்க பாடகராகிய புஷ்பவனம் ஐயரின் உடன்பிறந்தார் மகன். 1916-இல் மதுரையிற் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமிக்கு முதல் இசைச்சூழல் தந்தவர் வீணையில் வல்ல அன்னையார் சண்முகவடிவு. இவ்விருவர் திறமும் ஐயத்திற்கு இடமற்றது. ஆனால் இருவர்க்கும் இசை வீட்டிலேயே இருந்தது. வீட்டில் இசை இல்லாதவன் என் செய்வான்? வடபுலத்தில் விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901-இல் இலாகூரில் இசைப்பள்ளி கண்டார். சிதம்பரத்தில் அண்ணாமலை அரசர் இசைக்கல்லூரி நிறுவியது 1929-இல். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் மதுரையில் அப்பணியை ஒருவாறு ஆற்றியவை பாலர் சபைகள்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்தவர். பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றவர். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையை அடுத்து லய நுட்பம் உணர்ந்தவர். 1910-இல் அவர் தோற்றுவித்த குழுவிற்குச் ‘சமரச சன்மார்க்க நாடக சபை’ எனப் பெயரிட்டமை நோக்கத்தக்கது. செங்கோட்டையிலிருந்து வந்த கிட்டப்பா (1906–1933) அவரிடம் பயின்ற சிறுவருள் ஒருவர். வயது வந்த நடிகர் எழுதியபடி பாடாமையும் கட்டுப்பாட்டில் நில்லாமையும் கண்டு வெறுத்தே சுவாமிகள் சிறுவர்பால் திரும்பினார் என்பர். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை தோன்றிற்று. தி. க. சண்முகமும் அவர்தம் உடன்பிறந்தாரும் அவ்வாண்டே அதிற் சேர்ந்தனர். சண்முகத்திற்கு அப்போது அகவை ஆறு.

அச் சபைகளிற் பயிற்சி நடந்த முறை தனியே கூறத்தகும். சிறுவர் அனைவரும் கம்பெனி வீட்டிலேயே உண்டு உறங்கினர். ஆசிரியர் பாட, ஆர்மோனியக்காரர் சுருதி கூட்ட, சிறுவர் திருப்பிப் பாடுவர். ஏட்டைப் பார்த்துப் படித்தல் பின்னரே. செவியே முதற் புத்தகம். ஒருவன் தன் வேடத்துப் பாட்டை மட்டும் கற்றான் அல்லன். நாள்தோறும் கேட்டுக் கேட்டு நாடகம் முழுவதும் அவனுக்கு மனப்பாடமாயிற்று. இராசபார்ட்டு நோயுற்றால் மற்றொருவன் அவ்விடத்தில் நின்று பாட வல்லவனாயினான். கருநாடக இராகங்களோடு பார்சி மெட்டுகளும் இந்துஸ்தானி மெட்டுகளும் சிந்தும் கும்மியும் ஒரே இரவில் அவன் வாயிற் புகுந்து வெளிவந்தன. ஒலிபெருக்கி இல்லாக் காலம் ஆகலின், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாகக் கேட்கப் பாடுதலே முதற்பாடம். இன்று மேடையிற் பாடுவோர் சிலர்க்கு அப்பாடத்தை மீண்டும் நடத்தலாம்!

தமிழ்த்துறையினர் குறிப்பாக நோக்க வேண்டுவது பிறிதொன்று. சுவாமிகளின் நாடகங்களில் வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் விருத்தமும் சந்தமும் கலந்து வரும். கட்டளைக் கலித்துறையைச் சீர் கெடாமற் பாடும் சிறுவன், யாப்பருங்கலக் காரிகையின் பெயரைக் கேளாமலே அதன் பயனைப் பெற்றுவிடுகிறான். எழுத்தறிவும் பாட்டறிவும் யாப்பறிவும் அச் சபைகளில் வெவ்வேறு வகுப்புகளாய்ப் பிரியவில்லை. இசைக்கு ஓர் ஆசிரியரும் இலக்கியத்திற்கு ஓர் ஆசிரியரும் எனப் பிரித்துக்கொண்ட நம் பள்ளிகள் இந்த இணைப்பினை இழந்தன.

இனி, குறையும் கூறல் கடன். சிறுவரின் பெற்றோர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தனர். வறுமையே கையொப்பம் இட்டது. பாடம் தவறியவனுக்கு அடி விழுந்தது; நடிகர்தம் நினைவு நூல்கள் இதனை மறைக்கவில்லை. இவற்றினும் பெரிய இடர் மகரக்கட்டு. குரல் உடையும் பருவத்தில் சிறுவனின் மதிப்பு ஒரு திங்களிலேயே வீழ்ந்துவிடும். பு. உ. சின்னப்பா (1916–1951) மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் இராசபார்ட்டாக விளங்கியவர், எம். ஜி. இராமச்சந்திரனும் சிறுவராய் அதில் இருந்தார். குரல் உடைந்தபின் சின்னப்பா கம்பெனியை விட்டு நீங்கி, முறையாகக் கருநாடக இசை பயின்று, பின்னர்த் திரைப்படத்தில் மீண்டும் புகழ் எய்தினார். மீளாதவர் பெயர்கள் வரலாற்றில் இல்லை.

இத்தாலிய நாட்டு நேப்பிள்சு நகரின் இசைப்பள்ளிகளை இவற்றோடு ஒப்பிடல் பொருந்தும். அவற்றுள் முதலாவதாகிய இலொரேத்தோ 1537-இல் ஏதிலிச் சிறுவரைக் காக்கவே தோன்றிற்று. இசைக்கல்லூரியைக் குறிக்கும் ‘கன்சர்வேட்டரி’ என்னும் சொல்லே ‘காக்கும் இடம்’ என்று பொருள்படும். இசை பின்னர்ப் பிழைப்பிற்காக நுழைந்தது. அங்கோ குரல் உடையாதிருக்கச் சிறுவர் உடலையே சிதைக்கும் கொடுமையும் நிகழ்ந்தது. மதுரைச் சபைகளில் அக்கொடுமை இல்லை. குரல் உடைந்தவனை வைத்துக் காக்கும் கடமையும் இல்லை. வெனிசு நகரில் ஆதரவற்ற பெண்மகார்க்குத் தனி இசைநிலையங்கள் இருந்தன. விவால்டி 1703 முதல் அவற்றுள் ஒன்றிற் கற்பித்தார். மதுரைச் சபைகளிற் பெண்மகவு எதற்கும் இடம் இல்லை. சாவித்திரியாகவும் வள்ளியாகவும் பாடியவர் சிறுவர்களே. பெண்ணின் பாட்டு அரங்கிற்கு வேண்டப்பட்டது, பெண் வேண்டப்படவில்லை.

பேசும்படம் பரவியபின் சபைகள் ஒவ்வொன்றாய் நலிந்தன. சுவாமிகளின் நாடகங்கள் மட்டும் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்னும் உருவில் மதுரைப் பக்கத்துத் திருவிழாக்களில் வாழ்கின்றன. யான் மாணாக்கனாய் இருந்தபோது ஊர்த்திருவிழா ஒன்றில் ‘வள்ளி திருமணம்’ கண்டேன். ஆர்மோனியத்தின் அருகே பத்து வயதுச் சிறுமி ஒருத்தி விடியுமட்டும் உறங்காமல் உடன் முணுமுணுத்திருந்தாள். அவள் எங்குக் கற்றாள் என வினவியபோது, ‘இங்கேதான்’ என்றாள்.

இன்று பசுமலையில் அரசு இசைக்கல்லூரி உளது. 5 முதல் 16 வரை அகவையுடைய சிறார்க்கு ஜவகர் சிறுவர் மன்றம் பாட்டும் ஆடலும் ஓவியமும் கற்பிக்கின்றது. அங்கே பெண்மகாரும் ஆண்மகாரும் ஒருங்கே அமர்கின்றனர். ஒப்பந்தமும் இல்லை, பிரம்பும் இல்லை. ஆயின் வகுப்பு வார விடுமுறையில் மட்டுமே. சிற்றூர்ச் சிறுமி நகருக்கு வரத் துணைக்கு ஒருவர் வேண்டும். கம்பெனியோ ஊர் ஊராய்த் தானே சென்று, குரலுள்ள பிள்ளையைத் தேடி எடுத்துக்கொண்டது.