மாடித் தோட்டத்துக்கு சொட்டு நீர்ப் பாசனம்: ஒரு டிரம் தண்ணீர் 10 நாள் வருமா? அமைப்பது எப்படி?

கோடை வந்தாலே வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரே கவலைதான். குடிக்கவே தண்ணீரை எண்ணி எண்ணிப் பிடிக்கும்போது செடிக்கு எங்கே போவது? ரெண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் தக்காளிச் செடி தலை சாய்ந்து நிற்கும்.

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியிலும் இதே கதைதான். புவிசார் குறியீடு பெற்ற பட்டுக்குப் பேர்போன ஊர் இது. ஊரை ஒட்டிப் போகும் கமண்டல நாகநதியில் மழைக்காலம் தவிர மற்ற நாளில் பெரும்பாலும் மணல்தான் தெரியும். தறியில் உட்கார்ந்துவிட்டால் நினைத்த நேரத்துக்கு எழுந்து போய் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் முடியாது. இந்த மாதிரி வீடுகளுக்குக் கைகொடுப்பதுதான் சொட்டு நீர்ப் பாசனம். அதை வீட்டிலேயே எப்படி அமைப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

சொட்டு நீர்ப் பாசனம் என்றால் என்ன?

தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றாமல், செடியின் வேர்ப் பகுதியில் மட்டும் சொட்டுச் சொட்டாக விடுவது. இன்றைய பிளாஸ்டிக் டிரிப்பர் முறையை உருவாக்கியவர் இஸ்ரேல் பொறியாளர் சிம்கா பிளாஸ். 1965-ல் ஹட்செரிம் கிப்புட்ஸுடன் சேர்ந்து 'நெட்டாஃபிம்' நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆனால் யோசனை நமக்குப் புதுசு இல்லை. மேகாலயாவில் மூங்கில் குழாய் வழியாகச் சொட்டு நீர் விடும் முறை 200 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. நம்ம ஊரில் மண்பானையைச் செடிக்குப் பக்கத்தில் புதைத்து நீர் நிரப்புவதும் இதே கணக்குதான்.

என்னென்ன பொருள் வேண்டும்?

* மூடி உள்ள 200 லிட்டர் டிரம்
* டிரம்மின் அடியில் பொருத்த ஒரு வால்வு, ஒரு சின்ன ஃபில்டர்
* 16 மி.மீ. கறுப்பு டியூப்
* செடிக்கு ஒன்றாக டிரிப்பர், 4 மி.மீ. சிறு டியூப்
* டியூப் முனையை அடைக்க எண்ட் கேப்

எப்படி அமைப்பது?

1. டிரம்மை சுமார் 1 மீட்டர் உயரத்தில் வையுங்கள். மோட்டார் தேவையில்லை, அந்த உயரம் தரும் அழுத்தமே போதும்.

2. 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ எடை. மாடியில் நட்ட நடுவே வைக்கக் கூடாது. கீழே பீம் அல்லது சுவர் வரும் இடத்தில் வையுங்கள். பழைய கட்டடமாக இருந்தால் மேஸ்திரியைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம்.

3. வால்வு, ஃபில்டர், டியூப் என வரிசையாக இணைத்து, பைகளை ஒட்டி டியூப்பை ஓட்டுங்கள். ஒவ்வொரு பைக்கும் நேராகத் துளையிட்டு டிரிப்பரைப் பொருத்துங்கள்.

4. எண்ட் கேப் போடும் முன் ஒருமுறை தண்ணீரை ஓடவிட்டு உள்ளே இருக்கும் தூசியை வெளியேற்றுங்கள்.

எவ்வளவு தண்ணீர் போகும்?

கடைகளில் மணிக்கு 2, 4, 8 லிட்டர் விடும் டிரிப்பர்கள் கிடைக்கும். ஆனால் இந்த அளவு மோட்டார் அழுத்தத்தில் சொல்லப்படுவது. டிரம்மில் இருந்து வரும்போது குறையும். அதனால் டிரிப்பருக்குக் கீழே ஒரு டம்ளரை வைத்து 10 நிமிடத்தில் எவ்வளவு விழுகிறது என்று அளந்து பாருங்கள். அதை 6-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரக் கணக்கு வந்துவிடும்.

20 பைகள், பைக்கு தினம் 1 லிட்டர் என்றால் நாளுக்கு 20 லிட்டர். ஒரு டிரம் 10 நாள் வரும். கடும் வெயிலில் செடி 2 லிட்டர் கேட்டால் 5 நாள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

'பிரஷர் காம்பன்சேட்டிங்' வகை டிரிப்பர் டிரம் அழுத்தத்தில் சரியாக வேலை செய்யாது. சாதா டிரிப்பரைக் கேட்டு வாங்குங்கள். ஊருக்குப் போகும்போது டைமர் வைப்பதாக இருந்தால், குறைந்த அழுத்தத்திலும் திறக்கும் பால் வால்வு டைமர்தான் சரி.

அடைப்பு வந்தால்?

போர் தண்ணீரில் உப்பு அதிகம் இருந்தால் டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் சரியாகிவிடும். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவுங்கள். பஞ்சகவ்யம், மீன் அமிலம் போன்றவற்றை டிரம்மில் கலக்காமல் கையால் ஊற்றுவதே நல்லது.

டிரம்மைத் திறந்து போடவே கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வெளிச்சம் பட்டால் பாசியும் பிடிக்கும்.

அரசு மானியம் உண்டா?

தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத்துக்கு சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீதமும் மானியம் தரப்படுகிறது. இது விளைநிலத்துக்கானது, மாடித் தோட்டத்துக்குப் பொருந்தாது. வீட்டுத் தோட்டத்துக்கான தளைகள், விதைகள் மானிய விலையில் கிடைக்கிறதா என்று உங்கள் வட்டார தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. மாடிக்குக் கீழே தறி ஓடும் வீடுகளில் தளத்தில் தண்ணீர் தேங்கிக் கசிந்தால், ஈரம் பாவில் இறங்கும். பல நாள் உழைப்பு கறையாகிவிடும். சொட்டு நீரில் பைக்கு வெளியே வழிவது குறைவு. ஆனாலும் பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, மாடியின் வடிகாலை அடைப்பில்லாமல் வைத்திருங்கள். செடியும் பிழைக்கும், சேலையும் பிழைக்கும்.