302 பிறந்த கதை

புதுச்சேரியில் விழுப்புரம் பஸ் ஏறினால் வில்லியனூர் தாண்டி அரியூர். வில்லியனூர் கொம்யூன், புதுச்சேரி யூனியன் பிரதேசம். உட்கார இடம் தேடி முடிப்பதற்குள் கண்டமங்கலம் வந்துவிடும், அது தமிழ்நாடு. அதையும் தாண்டினால் திருவாண்டார்கோவில், திருபுவனை என்று மறுபடி புதுச்சேரி. வெளியூர்க்காரர்கள் சாராயக்கடைப் பலகையை வைத்து எல்லையைக் கண்டுபிடிப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு எல்லை நினைவுக்கு வருவது வேறு சமயத்தில். சாலையோரம் ஒரு பிணம் கிடந்தால், யார் என்று கேட்கும்போதே எந்தப் பக்கம் என்ற கேள்வியும் வந்துவிடும். அரியூர்ப் பக்கம் என்றால் போஸ்ட்மார்ட்டத்துக்குக் கதிர்காமமோ ஜிப்மரோ. கண்டமங்கலம் பக்கம் என்றால் முண்டியம்பாக்கம்.

கூட்டத்தில் ஒருவர் "கொலைதாங்க, பாத்தாலே தெரியுதே" என்பார். நிருபர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன் போடுவார். "சார், 302-ஆ, 174-ஆ?" பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 என்றால் சந்தேக மரணம், மறுநாள் பேப்பரில் 'மர்மச் சாவு'. 302 என்றால் 'கொலை'. ஒரு சாவைக் கொலை என்று அச்சில் எழுதலாமா என்பதை எங்கள் தொழிலில் நெடுங்காலம் இந்த எண்தான் தீர்மானித்தது. எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் அரியூர்ச் சாலையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 302 இந்தச் சாலையில் இரண்டு முறை பிறந்திருக்கிறது.

முதலில் வந்தது பிரெஞ்சு 302. 1819 ஜனவரி 6-ஆம் தேதியிட்ட அரசாணையோடு பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தன. தண்டனைச் சட்டம் நெப்போலியன் காலத்தது, 1810-ல் இயற்றப்பட்டது. அதில் வேண்டுமென்றே ஒருவரைக் கொல்வது 'மேர்த்ர்', 295-ஆம் பிரிவு. முன்கூட்டித் திட்டமிட்டோ, வழியில் பதுங்கியிருந்தோ கொன்றால் அதற்கு வேறு பெயர்: 'அசாசினா', 296-ஆம் பிரிவு. அந்த அசாசினாவுக்கும், விஷம் வைத்துக் கொல்வதற்கும், பெற்றவர்களைக் கொல்வதற்கும் மரண தண்டனை விதித்த பிரிவுதான் 302. சாதாரண மேர்த்ருக்கு ஆயுள் முழுக்கக் கடின உழைப்பு, அது 304. கொல்லும் எண்ணமில்லாமல் அடித்து, அடிபட்டவர் செத்துப்போனால் அதற்கென்று 309-ஆம் பிரிவில் 1832-ல் தனியாக ஒரு வரி சேர்த்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த இடம் அந்தப் பதுங்கல். ஆங்கிலம் படித்தவர்கள் அசாசினேஷன் என்றால் தலைவர்களுக்கு நேர்வது என்று நினைக்கிறோம். தமிழ்ப் பத்திரிகையும் பெரிய மனிதர் என்றால் 'படுகொலை' என்று போடும். பிரெஞ்சுச் சட்டத்துக்குச் செத்தவரின் அந்தஸ்து பொருட்டில்லை. கலெக்டரைக் கொன்றாலும் சரி, அரியூர்க் கொல்லையிலிருந்து இருட்டில் வீடு திரும்பும் கூலியாளை வரப்பில் பதுங்கியிருந்து வெட்டினாலும் சரி, பெயர் ஒன்றுதான்.

கலெக்டர் என்றதும் ஆஷ் நினைவுக்கு வருவார். 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். சுட்ட வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்த வ.வே.சு. ஐயர் அப்போது புதுச்சேரியில் இருந்தார். பிரிட்டிஷ் அரசின் ஆவணங்களில் அது கொலை. நம் வீடுகளில் இன்றைக்கும் 'வாஞ்சி ஆஷைச் சுட்டார்' என்றுதான் சொல்கிறோம். கொலை என்ற சொல் நாக்கில் வருவதில்லை. நரகாசுரனுக்கு வதம், சூரனுக்கு சம்ஹாரம் என்று தனிச்சொல் வைத்திருக்கிற மொழி இது. கொன்றவர் நம்மவர் என்றால் சொல்லை மாற்றிக்கொள்ளும் பழக்கத்தைப் பத்திரிகைக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டாவது 302 கண்டமங்கலம் பக்கம் பிறந்தது. மெக்காலே தலைமையிலான சட்டக் குழு 1837-ல் கொடுத்த வரைவு இருபது வருடத்துக்கு மேல் கிடப்பில் கிடந்து, திருத்தி எழுதப்பட்டு, 1860 அக்டோபர் 6-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் ஆனது. 1862 ஜனவரி 1 முதல் அமல். அதிலும் கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு 302. ஒரு படி கீழே உள்ள குற்றத்துக்கு 304. மெக்காலே குழு பிரெஞ்சுச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தது உண்மைதான். ஆனாலும் எண்கள் ஒத்துப்போனது தற்செயல் என்றே நினைக்கிறேன்.

எண் ஒன்றானாலும் கோடு வேறு இடத்தில் விழுந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 'திட்டம் போட்டானா' என்று கேட்டார்கள். பிரிட்டிஷ் சட்டம் 'எவ்வளவு உறுதியான எண்ணம், எவ்வளவு கொடிய காயம்' என்று அளந்தது. 299-ஆம் பிரிவு மரணம் விளைவிக்கும் குற்றத்தைச் சொல்லும். அதில் எது கொலை என்று 300-ஆம் பிரிவு பிரித்தெடுக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் தலை சுற்றும். இந்தச் சட்டத்தின் பலவீனமான பகுதியே இதுதான் என்று குறைப்பட்டுக்கொண்டவர் ஜேம்ஸ் ஸ்டீபன், வைஸ்ராயின் கவுன்சிலில் சட்ட உறுப்பினராக இருந்தவர்.

1876-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு கோவிந்தா என்பவரின் வழக்கு வந்தது. அவருக்கு வயது 18, மனைவிக்கு 15. சண்டையில் அவளைக் கீழே தள்ளி, நெஞ்சில் முழங்காலை வைத்து, முகத்தில் குத்தினார். மூளையில் ரத்தம் கசிந்து அந்தப் பெண் செத்துப்போனாள். அந்தக் குத்து சாதாரணமாக ஒருவரைச் சாகடிக்கப் போதுமானதல்ல, ஆகவே கொலையில்லை, 304 என்று தீர்த்தார் நீதிபதி மெல்வில். இன்றும் சட்டக் கல்லூரியில் பாடமாக நடத்துகிறார்கள். பதினைந்து வயதுப் பெண்ணின் வீட்டில் இதைக் 'கொலையாகாத மரணம்' என்று யார் போய்ச் சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை.

அரியூருக்குத் திரும்புவோம். பக்கத்துக் கீழூரில் 1954 அக்டோபர் 18-ல் நடந்த வாக்கெடுப்பில் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஓட்டுப் போட்டார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது, கொடி மாறியது. கொலைச் சட்டம் மாறவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தது 1963 அக்டோபர் 1-ஆம் தேதி. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள், மூவர்ணக் கொடியின் கீழ் அரியூரில் விழுந்த வெட்டு பிரெஞ்சில்தான் பெயர் பெற்றது. அதே அரிவாள் கண்டமங்கலத்தில் விழுந்திருந்தால் மெக்காலே கணக்கு.

தமிழுக்கு இந்தப் பிரிவினை எதுவும் கிடையாது. கொன்றால் கொலை. தன்னைத்தானே கொன்றாலும் தற்கொலை. ஆஸ்பத்திரி வாசலில் "கொன்னுட்டாங்களே" என்று ஒரு தாய் கதறினால் அதற்குப் பிரிவு எண் தேட முடியாது. பஸ் மோதி இறந்தவரைப் பேப்பர் 'பலி' என்கிறது. யாருக்குக் கொடுத்த பலி என்று யாரும் கேட்பதில்லை. ஆனாலும் நம் வாக்கியத்துக்குள் நீதிபதி மெல்வில் உட்கார்ந்திருக்கிறார். 'அடித்ததில் இறந்தார்' என்பதும் 'அடித்துக் கொன்றார்' என்பதும் ஒன்றில்லை. முதலாவதில் கை ஓங்கியது தெரிகிறது. இரண்டாவதில் மனசு தெரிந்ததாகச் சொல்கிறோம். செய்தி மேசையில் இருந்த காலத்தில் 'அடித்துக் கொலை' என்று தலைப்பு வைத்த நானே, வழக்கு 304-க்கு இறங்கியபோது ஒரு வரி திருத்தம் போட்டதில்லை.

இன்னொரு வசதியும் தமிழில் உண்டு. 'வாலிபர் வெட்டிக் கொலை' என்று எழுதினால் கொன்றவர் வாக்கியத்தில் இல்லை. இந்த வசதியின் அருமை 2013 நவம்பர் 27-ல் புதுச்சேரிக் கோர்ட்டில் தெரிந்தது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவில் மேலாளர் சங்கரராமன் 2004 செப்டம்பர் 3-ல் கோவில் வளாகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். உச்ச நீதிமன்றம் வழக்கைத் தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரிக்கு மாற்றியது. காஞ்சி மடாதிபதி உள்ளிட்ட 23 பேரும் விடுதலை. கொலை நடந்தது நிஜம். கொலையாளி என்று எழுத ஒரு பெயர் இல்லை. ஒன்பது வருடமாக அடைமொழியோடு பெயர் போட்டவர்களுக்கு அன்று வெட்கப்பட நிறைய இருந்தது. 1944-ல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கிலும் இதுதான் கதை. அதில் சிக்கிய நடிகர்கள் பாகவதரும் கலைவாணரும் 1947-ல் விடுதலையானார்கள். வழக்கோ இன்னும் அவர்கள் பெயரோடுதான் பேசப்படுகிறது.

எதிர்த்திசைத் தவறும் உண்டு, அது இன்னும் மோசம். 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீசார் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் கோவில்பட்டியில் அடுத்தடுத்துச் செத்தபோது முதலில் வந்த சொல் 'மரணம்'. கொலை வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறது என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை ஜூன் 30-ல் சொன்னது. ஜூலை 1-ல் வழக்கு 302-க்கு மாறியது. உடம்பில் இருந்த காயம் அந்தத் தேதிக்கு முன்னாலும் அங்கேயேதான் இருந்தது. ஸ்டேஷன் கொடுக்கும் எண்ணுக்காக நிருபர் காத்திருப்பது வழக்கம். ஸ்டேஷனே எதிர்த்தரப்பாக இருக்கும்போது அந்த எண் எப்படி வரும்?

என் கணக்கு இது. பிணத்தைப் பார்த்த டாக்டரோ கண்ணால் கண்டவரோ இன்னொரு கையைக் காட்டினால், போலீஸ் சந்தேக மரணம் என்று போட்டிருந்தாலும் 'கொலை' என்று எழுதலாம். ஒரே அடியில் முடிந்த டீக்கடைச் சண்டைக்கு 'தாக்கியதில் சாவு' போதும். ஆளின் பெயரோடு அந்தச் சொல்லை ஒட்டவைக்கத் தீர்ப்பு வரட்டும். அதுவரை அவர் 'கொலை வழக்கில் கைதானவர்'.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. அரியூருக்கும் கண்டமங்கலத்துக்கும் சேர்த்துக் கொலை இப்போது 103. புதிய சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. 304 என்பது செயின் பறிப்பு போன்ற குற்றம். 2024 ஜூன் 30 நள்ளிரவுக்கு முன் வெட்டப்பட்டவர்களுக்கு மட்டும் கோர்ட்டில் இன்னும் பழைய எண்தான் ஓடுகிறது.