லிஸ்பனில் அச்சேறிய தமிழ்

விடுமுறையில் குடும்பத்துடன் லிஸ்பன் சென்றபோது, கார்மோ ஆலயத்தில் நெடுநேரம் நின்றோம். தூண்களும் வளைவுகளும் உள்ளன, கூரை இல்லை. 1755 நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் பெருவிழாக் காலையில், ஆலயங்களில் மக்கள் நிறைந்திருந்த வேளையில் பூமி அதிர்ந்தது. பீடத்து மெழுகுதிரிகளிலிருந்தும் தீ பரவிற்று; ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைப் பேரலை வாரிச் சென்றது. “செபித்துக்கொண்டிருந்தவர்களையா?” என்றாள் மகள். அந்நாளில் வோல்த்தேர் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். நான் விடை கூறவில்லை.

மறுநாள் அண்டை ஊர்களான சிந்திராவும் மாஃப்ராவும் கண்டோம். மாஃப்ரா அரண்மனை நூலகத்தில் வௌவால்கள் இரவில் பூச்சிகளைத் தின்று ஏடுகளைக் காக்கின்றனவாம்! பிள்ளைகளுக்கு இதுவே பேரதிசயம். லிஸ்பன் அரச நூலகத்தை எதுவும் காக்கவில்லை. 1755-இல் அது அழிந்தது.

ஆயினும் 1554-இல் அந்நகரில் அச்சான ‘கார்த்தில்யா’ என்னும் செப நூலின் பிரதியொன்று எஞ்சியது. அது பெலேம் அருங்காட்சியகத்திற்கு உரியது. தமிழ்ச் செபங்கள் உரோமன் எழுத்தில். உடன் போர்த்துக்கீசியப் பொருள். தமிழ் முதன்முதல் அச்சேறியது அதில்தான். வின்சென்த் நசரேத், ஜோர்ஜ் கார்வல்யோ, தோமா த குரூஸ் என்னும் இந்தியர் மூவர் அதை ஆக்கினர். பெயர்களில் மட்டுமே போர்த்துக்கீசியம்.

போர்த்துக்கீசியரே நமக்குச் செபம் கற்பித்தனர் என்று பிள்ளைகளிடம் முன்னர் சொல்லியிருந்தேன். அன்று அதைத் திருத்திக்கொண்டேன்.